தொழிற்பேட்டை வாசலில் நின்றுபோகும் சட்டம்

கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே இருக்கும் தேர்வாய் கண்டிகை சிப்காட் தொழிற்பேட்டையானாலும் சரி, ஒரகடம், திருப்பெரும்புதூர் பக்கமானாலும் சரி, கடைநிலை வேலைக்கு ஆள் எடுப்பது பெரும்பாலும் கம்பெனிக்குள் நடப்பதில்லை. மேன்பவர் ஏஜென்சி என்று சொல்லப்படும் கான்ட்ராக்டரின் ஆள்தான் முதலில் பார்க்கிறார். ஆதார் நகல், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஐடிஐ முடித்திருந்தால் அந்தச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், பாஸ்போர்ட் அளவு போட்டோ இரண்டு. இவ்வளவையும் வாங்கிக்கொண்டு, ஆளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலைல ஷிப்ட் பஸ்ல ஏறிடு" என்பார். அல்லது, "இப்போ ஆள் ஃபுல்லு, இருந்தா போன் பண்றேன்" என்பார். அந்தப் போன் வராது. ஏன் வரவில்லை என்று போய்க் கேட்க ஓர் அலுவலகம் கிடையாது. வேலை மறுக்கப்பட்டது என்று காட்டக் கையில் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது.

ஒரு திருநம்பியை எடுத்துக்கொள்வோம். ஃபிட்டர் பிரிவில் ஐடிஐ முடித்தவர். சான்றிதழில் பெண் பெயர் இருக்கிறது, முகத்தில் தாடி இருக்கிறது. ஆதாரில் பெயர் மாற்றியாகிவிட்டது, மார்க் ஷீட்டில் இன்னும் மாறவில்லை. பிஎஃப் கணக்கு தொடங்கப்போனால் பெயர் ஒத்துவராது. இஎஸ்ஐ பதிவில் பாலினம் ஒத்துவராது. கேட்டில் சோதனை போட ஆண்கள் வரிசை ஒன்று, பெண்கள் வரிசை ஒன்று. ஹாஸ்டல் என்றால் இரண்டு கட்டடம். இவ்வளவு தலைவலி நமக்கெதற்கு என்று கான்ட்ராக்டர் நினைத்துவிட்டால் முடிந்தது. அவர் மனதில் வெறுப்பு இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இருபது பேர் நிற்கும் இடத்தில் சிக்கலில்லாத பத்தொன்பது பேரை ஏற்றிக்கொண்டு போவது அவருக்குச் சுலபம், அவ்வளவுதான். வந்து நிற்பவர் திருநங்கை என்றால் இந்த யோசனைகூட இருக்காது. காகிதத்தை வாங்கவே கை நீளாது.

பாரபட்சத்தைத் தடுக்கிறேன் என்று சொல்லும் எந்தச் சட்டத்தையும் இந்த இடத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும். மேடையிலும் மன்றத்திலும் அது எவ்வளவு அழகாக ஒலித்தது என்பது இரண்டாம்பட்சம். அப்படி எடைபோட்டால், நாடாளுமன்றம் 2019-இல் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தேறவில்லை. அதன் குறையை ஈடுகட்ட வேண்டிய பொறுப்பு தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது என்பது என் வாதம்.

தடை உண்டு, தண்டனை இல்லை

2014 ஏப்ரல் 15 அன்று, தேசிய சட்டப் பணிகள் ஆணையம் தொடர்ந்த நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், தன் பாலினம் எது என்று தீர்மானிக்கும் உரிமை அந்த மனிதருக்கே உண்டு என்று தீர்ப்பளித்தது. பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று அரசமைப்பு சொல்வதில் பாலின அடையாளமும் அடங்கும் என்றது. அதே ஆண்டு டிசம்பரில் திமுக உறுப்பினர் திருச்சி சிவா மாநிலங்களவையில் ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். கல்வியிலும் வேலையிலும் பாகுபாட்டுக்குத் தடை, 2% இடஒதுக்கீடு, தனி நீதிமன்றங்கள் எல்லாம் அதில் இருந்தன. தனிநபர் மசோதாக்களை அமைச்சர் கேட்டுக்கொண்டபடி திரும்பப் பெற்றுக்கொள்வதுதான் டெல்லி வழக்கம். சிவா பெற்றுக்கொள்ளவில்லை. 2015 ஏப்ரல் 24 அன்று அவை அதை நிறைவேற்றியது. ஓர் அவை தனிநபர் மசோதாவை நிறைவேற்றியது பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அதுவே முதல் முறை. மக்களவையைத் தாண்ட அதனால் முடியவில்லை.

அதற்குப் பதிலாக அரசு கொண்டுவந்த மசோதாவின் கதை நீளமானது. 2016-இல் வந்த வடிவம் திருநரை முழு ஆணும் அல்லாத முழுப் பெண்ணும் அல்லாதவர் என்று வரையறுத்தது. யார் திருநர் என்று தீர்மானிக்க ஒரு குழுவை வைத்தது. பிச்சை எடுக்கத் தூண்டுவதைக் குற்றமாக்கியது. வீதிக்கு வந்து போராடித்தான் இவற்றில் சிலவற்றை நீக்க வைத்தார்கள். கடைசி வடிவம் 2019 ஆகஸ்ட் 5 அன்று மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. காஷ்மீரின் சிறப்புத் தகுதி பறிக்கப்பட்ட அதே நாள். அன்றைக்கு வேறு எதையும் யாரும் கவனிக்கும் நிலையில் இல்லை. மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்ன தீர்மானம் தோற்றது. நவம்பர் 26 அன்று, அரசமைப்பு நாளில், மசோதா சட்டமாகும் வழியில் கடைசி அவையையும் கடந்தது.

அந்தச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு பாகுபாட்டைத் தடைசெய்கிறது. 9-ஆவது பிரிவு, எந்த நிறுவனமும் வேலைக்கு எடுப்பதிலும் பதவி உயர்விலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. தனியார் கம்பெனியும் இதற்குள் வரும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தண்டனையைச் சொல்லும் 18-ஆவது பிரிவுக்குப் போனால்தான் விஷயம் புரியும். கட்டாய வேலை வாங்குவது, பொது இடத்தில் வழி மறிப்பது, வீட்டையோ ஊரையோ விட்டு விரட்டுவது, உடலாலும் சொல்லாலும் துன்புறுத்துவது ஆகிய நான்குக்கும் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை. வேலை மறுப்பது அந்தப் பட்டியலில் இல்லை. 'செய்யாதே' என்று ஒரு பிரிவு சொல்கிறது, 'செய்தால் என்ன' என்ற கேள்விக்குச் சட்டம் வாய் திறப்பதில்லை. (பாலியல் வன்கொடுமைக்கும் இந்தப் பிரிவில் அதிகபட்சம் இரண்டே ஆண்டுதான். பாதிக்கப்படுபவர் பெண்ணாக இருந்தால் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. ஓர் உடலுக்கு ஒரு விலை என்று சட்டமே எழுதிவைத்த கொடுமை இது, தனிக் கட்டுரைக்குரியது.)

குறைதீர்க்க ஒவ்வொரு நிறுவனமும் ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நிறுவனத்துக்குள் நுழைந்தவருக்கு அது பயன்படலாம். வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர் எந்த நிறுவனத்தின் அலுவலரைத் தேடிப் போவார்? கான்ட்ராக்டர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனி கான்ட்ராக்டரைக் கைகாட்டும்.

இது என் கற்பனைப் பயம் என்று யாராவது சொன்னால், ஜேன் கௌசிக் வழக்கைப் படிக்கச் சொல்வேன். உத்தரப் பிரதேசத்தில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்த ஆசிரியை அவர். சில நாட்களிலேயே வேலை போனது. குஜராத்தில் இன்னொரு பள்ளி வேலைக்கு அழைத்துவிட்டு, அவர் திருநங்கை என்று தெரிந்ததும் கதவைச் சாத்தியது. 2025 அக்டோபர் 17 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, 2019 சட்டம் நடைமுறையில் செத்த எழுத்தாகிவிட்டது என்று கடிந்துகொண்டு, இழப்பீடு வழங்கச் சொல்லி, ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் ஒரு குழுவையும் அமைத்தது. உச்ச நீதிமன்றம் வரை போக ஓர் ஆசிரியைக்கு முடிந்தது. மாதச் சம்பளம் கிடைக்குமா என்று அலைபவருக்கு அது நடக்கிற காரியமா?

நம் ஊர்க்காரர் ஒருவரின் அனுபவமும் இருக்கிறது. திருச்செந்தூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி ஷானவி பொன்னுசாமி, ஏர் இந்தியாவில் விமானப் பணிப்பெண் வேலைக்கு விண்ணப்பித்தார். அந்த வேலை பெண்களுக்கானது என்று காரணம் சொல்லித் தட்டிக் கழிக்கப்பட்டார். 2017-இல் உச்ச நீதிமன்றம் போனார். 2018-இல் கருணைக் கொலை கேட்டுக் குடியரசுத் தலைவருக்கு எழுதும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 2022 செப்டம்பரில் நீதிமன்றம், திருநருக்கான வேலைவாய்ப்புக் கொள்கையை வகுக்கும்படி மத்திய அரசிடம் சொன்னது. நல்ல உத்தரவுதான். ஐந்தாண்டு போராடியவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

தமிழ்நாடு எங்கே நிற்கிறது

நாம் பெருமைப்பட்டுக்கொள்ள நிறைய இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. நாட்டிலேயே முதல் திருநங்கையர் நல வாரியம் 2008 ஏப்ரலில் இங்கேதான் அமைந்தது. 2015 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் திருநங்கை பிரித்திகா யாஷினிக்குக் காவல் துறையின் கதவைத் திறந்துவிட்டது. அவர் உதவி ஆய்வாளர் ஆனார். 2019-இல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், தூத்துக்குடியில் ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிவுசெய்ய உத்தரவிட்டார். 2021-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் காவல் துறையின் தொல்லையிலிருந்து காக்க வழிகாட்டுதல்கள் தந்தார். அடுத்த ஆண்டே காவலர் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. 2025 ஜூலை 31 அன்று திருநருக்கான மாநிலக் கொள்கையும் வெளியானது.

இந்தப் பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். வாரியம், காவல் துறை, பதிவுத் துறை, கொள்கை அறிக்கை. எல்லாமே அரசு தன் கையில் இருப்பதைக் கொடுத்தது அல்லது தன் ஊழியரைக் கட்டுப்படுத்தியது. தனியார் முதலாளியின் கையைப் பிடித்து 'நீ மறுக்கக் கூடாது' என்று சொல்லும் மாநிலச் சட்டம் ஒன்றுகூட இதில் இல்லை. கொள்கை அறிக்கை அரசின் மனதைக் காட்டும். அதைக் காட்டி யாரும் தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது. இடஒதுக்கீடு பற்றிய விவாதமும் அரசுப் பணியையும் கல்லூரியையும் சுற்றியே நடக்கிறது. கர்நாடகம் 2021-இல் அரசு வேலையில் 1% கிடைமட்ட இடஒதுக்கீடு கொடுத்தது. நாமும் கொடுக்க வேண்டும், திருநர் உரிமைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடவில்லை. ஆனால் இந்த மாநிலத்தில் பெரும்பாலோர் சோறு தின்பது அரசுச் சம்பளத்தில் அல்ல.

மாநிலத்துக்கு அதிகாரம் உண்டா என்றால், தொழிலாளர் விவகாரம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. 2021-இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஜவுளிக்கடை ஊழியர் உட்கார இருக்கை போடுவதைக் கட்டாயமாக்கியது இதே சட்டமன்றம்தான். தனியார் கடைக்குள் ஒரு ஸ்டூல் போடச் சொல்ல முடிந்த மாநிலத்தால், ஆள் எடுக்கும்போது பாலின அடையாளத்தைப் பார்க்காதே என்று சொல்ல முடியாதா? தொழிற்சாலை விஷயத்தில் வேகம் காட்டவும் நமக்குத் தெரியும். 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் ஒரே மூச்சில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் பொங்கி எழுந்ததால் மே தினத்தன்று கைவிடப்பட்டது. முதலாளிக்கு வேண்டியதற்குச் சில நாள் போதும் என்றால் தொழிலாளிக்கு வேண்டியதற்கும் போதும்.

மத்தியச் சட்டத்தோடு முரண்பட்டால் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டுமே என்ற கேள்வி நியாயமானது. நீட் விலக்கு மசோதா அந்த ஒப்புதல் கிடைக்காமல் நின்றுபோனது நமக்குத் தெரியும். மத்தியச் சட்டம் தடைசெய்த ஒன்றுக்கு மாநிலம் தண்டனையும் இழப்பீடும் வைப்பது முரண்பாடா, நிரப்புதலா என்று சட்ட வல்லுநர்கள் வாதிடலாம். வாதத்துக்குப் பயந்து மசோதாவை எழுதாமலே இருப்பதற்கு இது காரணமாகாது.

அமெரிக்க மாநிலங்கள் இந்த வாதத்தை நமக்கு முன்பே நடத்திப் பார்த்துவிட்டன. மினசோட்டா 1993-லேயே பாலின அடையாளத்தைத் தன் சட்டத்தில் சேர்த்தது. நியூயார்க் 2002-இல் பாலீர்ப்பு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தபோது, திருநரையும் சேர்த்தால் மசோதா தோற்றுவிடும் என்று கணக்குப் போட்டு அவர்களை விட்டுவிட்டது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் 'பிறகு' வர 2019 ஜனவரி ஆனது. இடையில் கீழவை நிறைவேற்றுவதும் மேலவை அதை எடுத்துக்கொள்ளாமல் விடுவதுமாகப் பல ஆண்டுகள் ஓடின. அயோவாவில் வேறு கதை. 2007-இல் சேர்த்த பாதுகாப்பை 2025 பிப்ரவரியில் அந்த மாநிலமே நீக்கியது. கொடுத்த பாதுகாப்பைத் திரும்பப் பறித்த முதல் அமெரிக்க மாநிலம் அது. அங்கே ஒரு சட்டத்தையே பெரும்பான்மை பலத்தால் அழிக்க முடிந்தது என்றால், நம் கொள்கை அறிக்கையை அழிக்க அவ்வளவு பாடுகூட வேண்டாம். அடுத்து வருபவர் மறந்துபோனாலே போதும்.

கழிப்பறை என்ற வாதம்

இந்த மாதிரி மசோதா எங்கே வந்தாலும் எதிர்ப்பு கடைசியில் கழிப்பறையில் வந்து நிற்கும். மாசசூசெட்ஸில் 2018-இல் இப்படியொரு சட்டத்தின் மீது பொது வாக்கெடுப்பே நடந்தது. பெண்கள் கழிப்பறையின் பாதுகாப்பு என்ற பிரசாரத்தைக் கேட்ட பிறகும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் சட்டம் இருக்கட்டும் என்று வாக்களித்தார்கள். அதற்காக இங்கே அந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஹாஸ்டலில் ஓர் அறைக்கு எட்டுப் பேர், பத்துப் பேர். காலை ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் குளியலறை வாசலில் வாளியோடு வரிசை. உடைந்த தாழ்ப்பாள். இரவு ஷிப்ட் முடித்து இருட்டில் வந்து இறங்கும் பெண்ணுக்குப் பாதுகாப்பு பற்றிய பயம் நிஜமானது. அந்தப் பயத்துக்குக் காரணம் தாழ்ப்பாளும் விளக்கும் சூபர்வைசரின் கையும்தான். இதுவரை கம்பெனிக்குள்ளேயே விடப்படாத திருநங்கை அதற்குக் காரணமாக இருக்க வழியில்லை.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் இதில் ஒரு விசித்திரம் செய்திருக்கின்றன. ஊதியத் தொகுப்புச் சட்டம், ஆண், பெண் என்று மட்டும் பேசிய 1976 சம ஊதியச் சட்டத்தின் இடத்தில், பாலின அடிப்படையில் எந்தப் பாகுபாடும் கூடாது என்று பொதுவாகச் சொல்கிறது. பாதுகாப்பு, சுகாதாரத் தொகுப்புச் சட்டமோ ஆண், பெண், திருநர் மூவருக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்கிறது. கேட்க அக்கறையாக இருக்கிறது. ஆனால் ஷெட்டின் கோடியில் 'திருநர்' என்று பலகை மாட்டிய ஓர் அறைக்கு, நான் முதலில் சொன்ன ஃபிட்டர் ஒவ்வொரு முறை நடக்கும்போதும் லைனில் இருக்கும் முந்நூறு பேருக்கும் அவரைப் பற்றித் தெரிந்துவிடும். அதைவிட மோசம், "உங்களுக்கென்று கழிப்பறை இல்லையே, எப்படி எடுப்பது" என்று சொல்ல மனிதவளத் துறைக்குச் சட்டப்படி ஒரு சாக்கும் கிடைத்துவிடுகிறது. 2020-இல் வந்த திருநர் விதிகள் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுக் கழிப்பறை என்று பேசின. தரை வரை கதவு, உள்ளே தாழ்ப்பாள், யாருக்கும் திறந்த தனித்தனி அறைகள் என்பதே சரியான வழி.  இந்தத் தொகுப்பின்படி விதி எழுதும்போது இதைச் செய்யலாம்.

தங்குமிடம் கழிப்பறையைவிடப் பெரிய பிரச்சினை. 2017-இல் கொச்சி மெட்ரோ திருநரை வேலைக்கு எடுத்தபோது நாடே பாராட்டியது. சில வாரங்களில் எட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். காரணம், கொச்சியில் அவர்களுக்கு வாடகைக்கு அறை கிடைக்கவில்லை. கவரைப்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டியிலோ நிலைமை மாறியிருக்கும் என்று நான் நம்பவில்லை. வேலையை மட்டும் காத்து, வீட்டை விட்டுவிடும் சட்டம் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

எண்ணிக்கை சொற்பம், இதற்கொரு சட்டமா என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 22,364 பேர். சொல்லத் துணியாதவர்கள் அதில் இல்லை. அந்த எண்ணையே ஏற்றுக்கொண்டாலும், வாசலில் வடிகட்டும் பழக்கம் அவர்களோடு நிற்பதில்லை. 2024 ஜூனில், திருப்பெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் ஐபோன் பிரிவில் திருமணமான பெண்களை எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி நினைவிருக்கும். அங்கேயும் வடிகட்டலில் ஆள் எடுக்கும் ஏஜென்சிகளுக்குப் பங்கு இருந்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் அறிக்கை கேட்டது, மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் விட்டது. விளம்பரத்தில் திருமண நிலையைக் குறிப்பிட வேண்டாம் என்று ஏஜென்சிகளுக்குச் சொல்லப்பட்டதாகப் பிறகு செய்தி வந்தது. தாலியைப் பார்த்து ஒதுக்கியவரைத் தடுக்க எந்தச் சட்டம் வேண்டுமோ, தாடியைப் பார்த்து ஒதுக்குபவரைத் தடுக்கவும் அதே சட்டம் போதும். சாதியையும் ஊரையும் கேட்டு ஒதுக்குபவருக்கும் அதுவே. அதனால் திருநருக்கென்று தனியாக இன்னொரு சட்டம் போடுவதைவிட, எல்லாப் பாகுபாட்டுக்கும் பொதுவான மாநிலச் சமத்துவச் சட்டத்தில் பாலின அடையாளத்தைப் பெயர் சொல்லிச் சேர்ப்பதே நல்லது என்பேன். சசி தரூர் இப்படியொரு தனிநபர் மசோதாவை மக்களவையில் வைத்தார். அது அங்கேயே கிடந்தது.

நான் கேட்கும் மாநிலச் சட்டத்தில் மூன்று அம்சங்கள் இல்லாவிட்டால் அதை எழுதவே வேண்டாம். முதலாவது, மறுத்ததற்குக் காரணத்தை எழுத்தில் தரும் கடமை. அடுத்தது, மெய்ப்பிக்கும் பொறுப்பு. தகுதி இருந்தும் திருப்பி அனுப்பப்பட்டேன் என்று ஒருவர் முதல் நோக்கில் காட்டிவிட்டால், பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனம்தான் நிறுவ வேண்டும். கான்ட்ராக்டரின் மனதில் இருந்ததை வேலையில்லாதவர் எப்படி நிரூபிப்பார்? கடைசியாக, கான்ட்ராக்டர் செய்ததற்கு முதன்மை நிறுவனமும் பொறுப்பு. ஒப்பந்தத் தொழிலாளர் சம்பள பாக்கியில் நெடுநாளாக இருக்கும் விதிதான் இது, புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. சிறைத் தண்டனையில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கம்பெனியின் கணக்கில் வலிக்கும்படி இழப்பீடும், வேலையைக் கொடுக்கச் சொல்லும் அதிகாரமும் போதும். எச்ஐவி தொற்றுள்ளவரை எந்தத் தனியாரும் வேலையில் ஒதுக்கக் கூடாது என்று 2017-லேயே நாடாளுமன்றம் சட்டம் போட்டிருக்கிறது. தனியார் துறையில் கை வைத்தால் முதலீடு ஓடிவிடும் என்று அப்போது யாரும் அலறவில்லை.

முதலீடு என்றதும் தேர்வாய் கண்டிகைக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. அந்த சிப்காட் நிற்கும் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம், ஊரார் மாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த மேய்க்கால் புறம்போக்கு. பெரும்பாலும் தலித் மக்கள் வாழும் ஊர். அதைக் கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் நடத்திய போராட்டமும், 2009-இல் மிஷெலின் டயர் ஆலைக்கு ஒப்பந்தம் போடப்பட்டதும், 2012-இல் அந்தப் பிரச்சினை பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் பிரான்ஸ் தொடர்பு மையம் வரை போனதும் பதிவாகியிருக்கும் வரலாறு. ஊராருக்குச் சொல்லப்பட்ட சமாதானம் ஒன்றுதான்: வேலை வரும். பொது நிலத்தைக் கொடுத்ததற்கு ஈடாகச் சொல்லப்பட்ட வேலையில் யார் யாரை ஒதுக்கலாம் என்று முடிவுசெய்யும் உரிமையைக் கான்ட்ராக்டருக்கு யார் கொடுத்தார்கள்?

சிப்காட் மனைகள் விற்கப்படுவதில்லை, 99 ஆண்டு குத்தகைக்கு விடப்படுகின்றன. எத்தனை மாதத்துக்குள் கட்டடம் எழுப்ப வேண்டும், உற்பத்தி எப்போது தொடங்க வேண்டும், கழிவுநீரை என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் அதில் நிபந்தனை உண்டு. மீறினால் ஒதுக்கீடு ரத்தாகலாம். ஆலையிலும் அதன் கான்ட்ராக்டர்களிடமும் ஆள் எடுப்பதில் பாலின அடையாளம் உள்ளிட்ட பாகுபாடு கூடாது, மறுப்புக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும் என்று இனி எழுதப்படும் குத்தகைப் பத்திரங்களில் ஒரு பத்தி சேர்க்கலாம். சட்டமன்றத்தில் மசோதா வந்து, ஆளுநர் மாளிகையைத் தாண்டி, டெல்லி போய்த் திரும்பும் வரை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தொழில் துறையின் ஓர் அரசாணையே போதும்.